பையின் மேல்வரிசை

மாதத்தில் பதினோரு ராத்திரி
பஸ்ஸில் போய்விடுகிறது எனக்கு.
உளுந்து பார்க்கிற வேலை.
மூட்டையில் குத்தூசி ஏற்றி,
உள்ளங்கையில் கொட்டி,
ஈரம் எவ்வளவு, வண்டு எவ்வளவு என்று
ரங்கூனில் மின்விசிறிக்கடியில் இருக்கும் முதலாளிக்குச்
சொல்ல வேண்டும்.

டிக்கெட்டில் நான் டோ கின் மியா.
முதலாளியின் பேரேட்டில் மரகதவல்லி.
இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான்
அவுங் மிங்கலாவில் ஏறுகிறேன்,
ஒரே ஸீட்டுக்குக் காசு கொடுத்து.

ஜன்னல் பக்கம் கேட்பதில்லை.
ஜன்னல் கண்ணுக்கு, நடைபாதை முழங்காலுக்கு.
பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போனவள்
மறுநாள் மோனிவாவில்
நிமிர்ந்து நின்று விலை பேச முடியாது.

ஏஸி என்றால் ஐஸ்பெட்டி.
சித்திரை வெயிலிலும் கம்பளிக் காலுறை வேண்டும்.
கம்பெனி தருகிற போர்வையில்
நேற்றைய ஆளின் வெற்றிலை வாசம் இருக்கும்,
அது காலுக்கு.
முகத்துக்குச் சொந்தக் கைலி.
கைலிதான் திரை, துண்டு,
காட்டுப்பாதையில் பஸ் நின்றால்
அவசரத்துக்கு நாலு சுவர்.

வயிறு புரட்டினால் உப்பிட்ட இலந்தை.
எலுமிச்சம்பழம் ஆகாது,
மோந்து பார்த்தால் பக்கத்து ஸீட்டுக்காரர்
பேச்சுக் கொடுக்க ஆரம்பிப்பார்.

கொக்கி வைத்த செருப்பு கூடவே கூடாது.
தூக்கத்தில் இறக்கிவிடுவார்கள்.
காலுறையைக் கழற்றிப் பையில் திணித்து
அட்டையைக் கையில் பிடித்து
வரிசையில் நடக்க வேண்டும்.
கொக்கி தேடுகிறவள் கடைசியில் நிற்பாள்.
கடைசியில் நிற்கிறவளிடம்தான்
கேள்வி அதிகம்.

நெட் இருக்காது என்றே வைத்துக்கொண்டு
நாலு நம்பரைத் தாளில் எழுதியிருக்கிறேன்.
ஐந்தாவது, எழுதக்கூடிய நம்பர் இல்லை.

கழுத்துத் தலையணை நானே தைத்தது,
உளுந்துத் தோல் அடைத்து.
பஞ்சு சூடு. காற்றடைத்தது
விடியுமுன் கைவிட்டுவிடும்.
தோல் மட்டும்தான் கழுத்து சொன்னதைக் கேட்கும்.
திரும்பிப் படுத்தால் சரசரக்கும்,
மழையோ என்று பாதித் தூக்கத்தில்
யாருடைய மூட்டைகளுக்காகவோ பதறுவேன்.

பஸ்ஸில் ஆளுக்கொரு டூத் பிரஷ் கொடுக்கிறார்கள்.
நான் பிரிப்பதில்லை.
வீட்டு அலமாரியில் அறுநூற்றுச் சொச்சம் கிடக்கிறது.
போய்வந்ததற்கு வேறு கணக்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை, தவுங்கூ தாண்டி,
ஒரு பையன். தலையைவிடத் தொப்பி பெரியது.
பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினான்.
இலந்தைப் பொட்டலம், டார்ச், தலைவலித் தைலம்,
ஊசி நூல், உள்பாவாடை
எல்லாம் டியூப் லைட்டில் வெட்கமில்லாமல் கிடந்தன.
தலையணையைக் காதருகே வைத்துக் குலுக்கினான்.
‘மட்பே தோல்’ என்றேன்.
சாம்பிள் பையைப் பிரித்து
ஒரு மணியைப் பல்லில் கடித்தான்.
கடித்த விதம், விளைவித்தவன் விதம்.

‘பக்கோக்குவில் அம்மா மூன்று ஏக்கர் போட்டிருக்கிறாள்.
இந்த வருஷம் என்ன விலை போகும்?’

எங்கே போகிறாய், யாரைப் பார்க்க,
எப்போது திரும்புவாய்,
எல்லாவற்றுக்கும் பதிலை
மேல்வரிசையில் வைத்திருப்பவள் நான்.
இதற்கு வைக்கவில்லை.

வாயில் இரண்டு விலை இருந்தது.
மோனிவாவில் நான் சொல்ல வேண்டியது ஒன்று.
முதலாளி கொடுக்கச் சம்மதித்தது இன்னொன்று.
இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.
அவன் தோளில் தொங்கியதைப் பார்த்தா,
அந்த ‘அம்மா’வைக் கேட்டா,
இன்னும் எனக்கே தெரியவில்லை.

அவன் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

ஹாரன் அடித்தது. அள்ளித் திணித்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிற பை,
ஜிப் ஏறவில்லை.
காலுறை ஒன்று அந்த மேசையிலேயே தங்கிவிட்டது.

ஒரு காலில் கம்பளி, ஒரு காலில் குளிர்.
காலையில் அங்கே போய்
எந்த விலையைச் சொல்வது என்று
மோனிவா வரைக்கும்
கழுத்துக்குக் கீழே
சரசரத்துக்கொண்டே வந்தது.